பே. பவளக்கொடி

கந்தப்பன் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுத்த கையோடு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினார் என்று உலகக் களஞ்சியத்தில் ஒரு வரி இருந்தது. பல வருஷம் இருந்தது. கந்தப்பன் ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்தவர், முறுக்கு மீசைக்காரர். பிள்ளை பெற்றதும் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியதும் அவர் மகள் மேகலா. மகளின் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயரைப் பார்த்த களஞ்சியம், அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, கட்டுரை முழுக்க அந்த அம்மாளைக் கந்தப்பன் கந்தப்பன் என்றே கூப்பிட்டுத் தள்ளிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் திருத்தியது அந்த வரியைத்தான். வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டே திருத்தினேன்.

என் பெயர் அங்கயற்கண்ணி. உலகக் களஞ்சியத்தின் தமிழ்ப் பிரிவில் பெயர் நடைக்கு நான்தான் பொறுப்பு. யார் பெயரை எப்படி எழுதுவது, எது முன்னால் வரும், எது பின்னால் வரும், இனிஷியலை விரிப்பதா அப்படியே விடுவதா என்று முடிவு செய்கிற வேலை. இதற்கெல்லாமா சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிறார்கள் என்று என் அண்ணன் கேட்பான். அவனுக்கு விளக்கிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

சென்னைக்குள் கடல் புகுந்து, அலுவலகங்கள் எல்லாம் திருச்சிக்கு மூட்டை கட்டிய காலம் அது. போலி முகம், போலிக் குரல், போலி ரேகை என்று பெருகிப்போய், எந்த அரசாங்க அட்டையையும் யாரும் நம்பாத நிலை. கடைசியில் உலகம் நம்பியது களஞ்சியம் ஒன்றைத்தான். உயிரோடு இருக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு கட்டுரை இருந்தது. விமான நிலையமோ வங்கியோ ஆஸ்பத்திரியோ, கட்டுரையின் தலைப்பில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் ஆளை ஏற்றுக்கொள்ளும். யாருக்கு யார் சொந்தம் என்பதையும் அந்தத் தலைப்புதான் சொல்லும். ஆக, நான் ஒரு புள்ளியைத் தள்ளி வைத்தால் எங்கோ ஒருவருக்கு உறவு முறிந்துபோகும். அண்ணனுக்கு இது புரியவே இல்லை.

களஞ்சியத்தை நடத்தியது துலா. மனிதர் இல்லை, இயந்திரம். கோடிக்கணக்கான கட்டுரைகளை அதுவே எழுதும், அதுவே திருத்தும். சுத்தமான தமிழில் பேசும். எங்களைப் போன்றவர்கள் விதி எழுதிக் கொடுத்தால் அதன்படி நடக்கும். விதி இல்லாத இடத்தில் தானாக ஒன்றை யோசித்துக்கொள்ளும். வில்லங்கம் எல்லாம் அங்கேதான்.

ஒருமுறை அது என்னிடம், "தமிழ்நாட்டில் எந்தக் குடும்பமும் ஒரு தலைமுறைக்கு மேல் நீடிப்பதில்லை. இதற்குக் காரணம் நோயா, போரா?" என்று கேட்டது. மகன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர், அப்பா பெயருக்குப் பின்னால் தாத்தா பெயர் என்று ஆளுக்கொன்றாக இருந்தால் பாவம் அது என்ன செய்யும்? நோயும் இல்லை, போரும் இல்லை, எங்கள் வழக்கம் அப்படி என்று சொல்லிப் புரிய வைத்தேன்.

பிறகு தலைமையகத்திலிருந்து ஆணை வந்தது. இந்தியப் பெயர்களில் இனிஷியல் என்ற பேச்சே இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் விரித்து, முழுப் பெயராகத் தலைப்பில் போட வேண்டும். சந்தேகம் இருந்தால் மரபணு வங்கியைப் பார்த்து, பெற்ற தகப்பன் யாரென்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எங்கள் பிரிவின் தலைவர் ஞானப்பிரகாசம் அதில் உடனே கையெழுத்துப் போட்டார். காரைக்கால்காரர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். நான் எதிர்த்துப் பேசப் போனபோதும் குரலை உயர்த்தவில்லை.

"எங்க அண்ணன் பேரு எஸ். செபஸ்தியான். அதே ஆஸ்பத்திரியில இன்னொரு எஸ். செபஸ்தியான் இருந்தாரு. அவருக்கு ஏத்த வேண்டிய ரத்தத்த எங்க அண்ணனுக்கு ஏத்துனாங்க. அந்த ஒத்த எழுத்துக்குப் பின்னால முழுப் பேரு இருந்திருந்தா எங்க அண்ணன் இன்னைக்கு இருப்பாரு. இதுக்கு மேல நீங்க என்ன சொல்லணும், சொல்லுங்க."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை.

துலா விரிக்கத் தொடங்கியது. மாவட்டம் மாவட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. விருதுநகர் மாவட்டம் முடிந்த அன்று, பிற்பகலில், என் அறைக்கு வெளியே ஒரே களேபரம். வாயில் காவலாளியை ஒரு பெண்மணி தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார். தள்ளவில்லை. பீரோவை நகர்த்துவது போல நகர்த்திவிட்டு வந்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. நாட்டுக்காகக் கபடி ஆடிய பவளக்கொடி. இப்போது பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர். அவர் கட்டுரையை நானே படித்திருக்கிறேன்.

"பேர மாத்துறவுக நீங்கதானா?" என்றார்.

"நான்தான். உட்காருங்க."

"உட்கார நேரமில்ல மேடம். மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில எங்கம்மா கெடக்காக. வழுக்கி விழுந்து தலையில ரத்தம் கட்டிருச்சு. இன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள ஆபரேசன் பண்ணியாகணும்னு டாக்டர் சொல்லுறாரு. சொந்தக்காரவுக கையெழுத்து வேணுமாம். நான் மக, போடுறேன்னேன். பேரத் தட்டிப் பாத்துட்டு, நீங்க மக இல்லைங்குறாக."

"உங்க அம்மா பேரு?"

"பேச்சியம்மா. அருப்புக்கோட்டை."

துலாவிடம் கேட்டேன். அது தயங்காமல் பதில் சொன்னது.

"அருப்புக்கோட்டையில் பேச்சியம்மாள் என்பவரின் வீட்டில் வளர்ந்த இருநூற்றுக்கும் மேற்பட்டோர் பே. என்ற எழுத்தைத் தாங்கியிருந்தனர். ஒரு பெண்ணுக்கு இத்தனை பிரசவங்கள் இயலாது. ஆகவே அந்த எழுத்து பிழை என்று முடிவு செய்து, மரபணு வங்கியின்படி தகப்பன்மாரின் பெயர்களை இன்று காலை சேர்த்தேன். இவர் பெயர் இப்போது வீரணன் பவளக்கொடி. பேச்சியம்மாளுக்குப் பிள்ளைகள் இல்லை."

பவளக்கொடி சுவரில் இருந்த ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடித்துவிடுவாரோ என்று பயந்தேன். பிறகுதான் உட்கார்ந்தார்.

"அந்த வீரணன் காலையில எனக்குப் போன் பண்ணுனாரு மேடம். உங்க மெஷின் அவருக்கும் சேதி சொல்லிருச்சு போல. அழுதாரு. நீங்க யாருங்கன்னு கேட்டேன், அதுக்கும் அழுதாரு. அவரு மேல எனக்குக் கோவம் கெடையாது. ஆளே தெரியாது, கோவம் எங்கிட்டிருந்து வரும்?"

"பேச்சியம்மா இல்லம் நடத்துறாங்களா?"

"இல்லமும் இல்ல, ஆசிரமமும் இல்ல. தறி ஓட்டுற வீடு. பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டுப் போன பிள்ளை, ஆஸ்பத்திரி வாசல்ல கெடந்த பிள்ளை, எல்லாத்தையும் தூக்கிட்டு வந்துருவாக. பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப தகப்பன் பேரு என்னன்னு ஹெட்மாஸ்டர் கேப்பாரு. 'பேச்சி'ம்பாக. 'தகப்பன் பேரக் கேட்டா உம் பேரச் சொல்லுற'ம்பாரு அவரு. 'அதுக்கும் நாந்தேன், எழுதுங்க'ன்னு அங்கனயே நிப்பாக. எழுதுற வரைக்கும் நகர மாட்டாக."

சொல்லிக்கொண்டே வந்தவர் சிரித்துவிட்டார்.

"வகுப்புல எங்கள 'பே, பே'ன்னு கேலி பண்ணுவானுக. பேய்ப் பிள்ளைகன்னு பேரு எங்களுக்கு. ஒருத்தனப் போட்டுப் பொளந்துட்டேன். அப்பறம் ஒரு கபடி வாத்தியாரு, இந்த ஆவேசத்தக் கோட்டுக்குள்ள காட்டுன்னு கூட்டிட்டுப் போனாரு. இந்தியாவுக்கு ஆடுறப்பக்கூட வேற பேரு போடவான்னு கேட்டாக. முதுகுல பே. தான் இருக்கணும்னு சொல்லிட்டேன்."

கையெழுத்துக்கு நாள் முழுக்கக் காத்திருக்க முடியாது. அவரை அழைத்துக்கொண்டு ஞானப்பிரகாசத்தின் அறைக்குப் போனேன். போகும்போதே முடிவு செய்துவிட்டேன், இந்த அறையிலிருந்து புது விதியோடுதான் வெளியே வருவது என்று. வேலை போனால் போகட்டும்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் முழுதும் கேட்டார்.

"எனக்குப் புரியுதுங்க. இந்த ஒருத்தங்களுக்கு விலக்கு வேணா வாங்கித் தரேன். தலைமையகத்துக்கு எழுதுறேன். ரெண்டு நாள்ல பதில் வரும்."

"ரெண்டு நாள் இல்ல சார். ரெண்டு மணி நேரம் இருந்தா பெரிசு. அப்புறம் விலக்கு எதுக்கு? விதியே தப்பு. இனிஷியல சுருக்கம்னு நினைச்சு விரிச்சுக்கிட்டு இருக்கோம். அது சுருக்கமே இல்ல. நான் இன்னாரோட ஆளுன்னு ஒருத்தர் தன் பேருக்கு முன்னால போட்டுக்குற அடையாளம். எனக்கு அது அப்பா. இன்னொருத்தருக்கு ஊரு. இவங்களுக்கு பேச்சியம்மா. யாரோடதுன்னு அவங்கதான் சொல்லணும். ரத்தத்தக் கேட்டா எப்படித் தெரியும்?"

"அவங்களே சொல்லலாம்னா நாளைக்கு ஒரு திருடனும் சொல்லுவான். பணக்காரக் கிழவருக்கு நாந்தான் மகன்னு வந்து நிப்பான். யார வேணாலும் யாரு பேருலயும் சேத்துக்கலாம்னா, களஞ்சியத்த எவன் நம்புவான்? அண்ணன் செத்ததுக்கு அப்புறம் நான் இந்த வேலைக்கு வந்ததே அந்தக் குழப்பம் இனிமே யாருக்கும் வரக் கூடாதுன்னுதான்."

அவரை ஜெயிக்க வேண்டும் என்று வந்த எனக்கே மேலே பேச மனம் வரவில்லை.

பவளக்கொடிதான் கேட்டார். "சார், தப்பா நெனைக்காதீக. அன்னைக்கு உங்க அண்ணன் பக்கத்துல யாரு இருந்தா?"

"யாரும் இல்ல."

"ஏன்? வீட்டுக்காரம்மா இல்லையா?"

"அண்ணி வெளிய நின்னாங்க." ஞானப்பிரகாசம் கண்ணாடியைக் கழற்றினார். "உள்ள விடல. அண்ணி கல்யாணத்துக்கு அப்புறமும் அவங்க அப்பா இனிஷியலத்தான் வச்சிருந்தாங்க. எழுத்து வேற வேறயா இருக்கு, சொந்தம்னு எப்படி நம்புறதுன்னு கேட்டுக் கதவுகிட்டயே நிறுத்திட்டாங்க."

"அவுக உள்ள இருந்திருந்தா, இது என் புருசன், நீங்க தேடுற ஆளு இவுக இல்லைன்னு சொல்லிருப்பாகள்ல?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். இத்தனை வருஷமாக அந்த ஒரு எழுத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தவர் அவர். கதவை அடைத்தது யார் என்று கேட்டுக்கொள்ளவே இல்லை. எனக்கு அவர் மேல் இரக்கமாக இருந்தது. ஆனால் இரக்கப்பட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை.

"சார், நான் விதியைச் சொல்லுறேன். பிடிச்சிருந்தா கையெழுத்துப் போடுங்க" என்றேன். துலாவுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

"இந்தியப் பெயர்களில் உள்ள இனிஷியலைக் களஞ்சியம் தானாக விரிக்காது. அது யாருடைய பெயர் என்பதைத் தாங்குபவரே சொல்ல வேண்டும். எழுத்தைக் கொடுத்தவர் மறுத்தால் ஒழிய, அவர் சொன்னதே செல்லும். சொந்தமும் அதன்படியே."

துலா உடனே ஒரு கேள்வி போட்டது. "கொடுத்தவர் மயக்கத்தில் இருக்கிறார். மறுக்க இயலாதவர் மறுக்கவில்லை என்று எப்படி எடுத்துக்கொள்வது?"

இயந்திரம்தான். ஆனால் கேட்டது நியாயமான கேள்வி. திருடனும் மயக்கத்தில் கிடக்கும் ஆளாகப் பார்த்துத்தானே மகன் என்று சொல்லிக்கொண்டு வருவான்? ஞானப்பிரகாசத்தைப் பார்த்தேன்.

அவர் மெல்லக் கேட்டார். "துலா, பேச்சியம்மாள் இதுவரைக்கும் அந்த எழுத்த எத்தனை பேருக்குக் கொடுத்திருக்காங்க?"

"இருநூற்றுக்கும் மேற்பட்டோருக்கு. ஒவ்வொருவருக்கும் பள்ளியில் நேரில் வந்து கொடுத்திருக்கிறார்."

"ஒருத்தர்கிட்ட இருந்தாவது திரும்ப எடுத்திருக்காங்களா? ஓடிப்போனவன், சண்டை போட்டவன், ஜெயிலுக்குப் போனவன்?"

"ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு. எழுத்தைத் திரும்ப எடுத்ததாக ஒன்றுகூட இல்லை. போதுமானது. ஏற்கிறேன்."

ஞானப்பிரகாசம் கையெழுத்துப் போட்டார். "ஆள் மாறாட்டத்துக்கு வேற வழி தேடுவோம்ங்க. அதக் கண்டுபிடிக்க வேண்டியது நம்ம வேலை. பேருங்க மேல அந்தப் பாரத்த ஏத்தி வச்சது தப்பு" என்றார். தலைமையகம் என்ன சொல்லுமோ என்று நான் கேட்டதற்கு, அவர்கள் எழுதி அனுப்பட்டும், நானும் எழுதத் தெரிந்தவன்தான் என்றார். அந்த மனிதருக்குள் இப்படி ஒருவர் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

திரையில் தலைப்பு மாறியது. பே. பவளக்கொடி. அதே நொடியில் அருப்புக்கோட்டை வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மாறியிருக்கும். பவளக்கொடி அங்கேயே நின்று திரையில் கையெழுத்துப் போட்டு மதுரைக்கு அனுப்பினார். பிறகு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். ஞானப்பிரகாசம் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அறுவை சிகிச்சை முடிந்தது. பேச்சியம்மாள் பிழைத்துக்கொண்டார். தலைமையகம் காட்டமாக ஒரு கண்டனம் அனுப்பியது. பிறகு கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் இதே விதி எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டு எழுதத் தொடங்கியதும், கண்டனத்தை ஓசைப்படாமல் வாபஸ் வாங்கிக்கொண்டது. கல்யாணமான பெண்களில் பாதிப் பேர் பழைய எழுத்துக்கே திரும்பினார்கள். இனிஷியலே வேண்டாம் என்று உதறியவர்களும் உண்டு. என் அண்ணன்கூட ஒருநாள் போன் செய்து, அம்மா பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டான். தாராளமாக என்றேன்.

எல்லாம் ஒருவழியாகச் சீரானது என்று நினைத்திருந்தபோது துலா என்னைக் கூப்பிட்டது.

"பேச்சியம்மாளின் தலைப்பில் இனிஷியல் இல்லை. அது யாருடைய பெயர் என்பதைத் தாங்குபவரே சொல்ல வேண்டும் என்பது தங்கள் விதி. இவரிடம் யாரும் கேட்கவில்லை."

மறுநாளே மதுரைக்கு ரயில் ஏறினேன். பவளக்கொடி நிலையத்துக்கே வந்திருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேச்சியம்மாள் மொட்டைத் தலையில் கட்டோடு உட்கார்ந்து, ரசம் உப்பில்லாமல் இருக்கிறது என்று நர்ஸோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் நடுவயதுப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர். ஒருவர் முகமும் ஒருவர் முகம் போல இல்லை.

நான் வந்த காரணத்தைச் சொன்னேன்.

"எனக்கு எதுக்கு தாயி இனிஷியலு? நானென்ன பள்ளிக்கூடமா போகப் போறேன்?"

"விதிப்படி கேக்கணும்மா. வேண்டாம்னா வேண்டாம்னு போட்டுக்கலாம். உங்க அப்பா பேரு போடணுமா?"

"அந்த ஆளா? என்னைத் தறிப்பட்டறையில வித்துட்டுப் போனவரு. அவரு பேரு எனக்கெதுக்கு?" சுற்றி நின்ற பிள்ளைகளை ஒருமுறை பார்த்தார். "பிள்ளைக பேரப் போடலாமா?"

"போடலாம். எந்தப் பிள்ளை பேரு?"

பவளக்கொடி தலையைக் குனிந்துகொண்டார். பேச்சியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"படிச்ச பிள்ளை மாதிரி தெரியுது. இப்படிக் கேக்குறியே" என்றார். "எழுதிக்க. மொத வந்தவன் சுடலைமணி. அடுத்து மாரியாயி. அப்பறம் அந்தோணி, பஷீரு, பொன்னுத்தாயி..."

வந்த வரிசைப்படி சொல்லிக்கொண்டே போனார். எங்கும் தடங்கவில்லை. நான் கையில் கொண்டுவந்த திரையில் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியுமாகப் போட்டுக்கொண்டே வந்தேன். சு. மா. அ. ப. பொ. என்று தலைப்பு நீண்டு திரையை விட்டு வெளியே போனது. தலைப்புக்கு நீள வரம்பு உண்டு என்று துலா காதுக்குள் சொன்னது. இனிமேல் இல்லை என்றேன். அது வாதாடவில்லை.

பவளக்கொடியின் பெயரைச் சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் முதல்முறையாக நிறுத்தினார்.

"இவளுக்கு அடுத்தாப்புல வெறும் புள்ளி ஒண்ணு வையி."

"எந்த எழுத்தும்மா?"

"எழுத்து இல்ல. மழையில நனைஞ்சு கெடந்த பிள்ளை. வீட்டுக்குத் தூக்கியாந்து, மறாநா பேரு வைக்கலாம்னு இருந்தேன். பிள்ளைக்கு விடியல."

சொல்லும்போது அவர் அழவில்லை. கை மட்டும் மடியில் எதையோ தட்டிக்கொடுப்பது போல அசைந்துகொண்டிருந்தது. எனக்குத் திரை கலங்கிவிட்டது.

"எழுத்தில்லாத புள்ளியை நான் எப்படி விரிப்பது?" என்று துலா கேட்டது.

"விரிக்க வேண்டாம். இருக்கட்டும்" என்றேன்.

புள்ளியை வைத்தேன். பேச்சியம்மாள் சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த பெயரைச் சொன்னார்.